நடுக்கடலில் ஒரு பாவசங்கீர்த்தனம்

நெடுந்தீவுக்கு ஓடும் மோட்டார் லோஞ்சில் அனுபல்லவியார் முழந்தாளிட்டால் லோஞ்ச் தாழப்போகிறது என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், அவ்வளவு சனத்துக்கு முன்னால் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

சுவிசேஷப் பாட்டுக் கட்டுவதில் அவரை வெல்ல ஏழு தீவிலும் ஆள் இல்லை. தொழில் மாடு வளர்ப்பு. மாட்டுக்குத் தண்ணீர் அள்ளும்போது பல்லவி வந்துவிடும். பால் கறந்து முடிவதற்குள் சரணம் நாலும் வந்துவிடும். நடுவில் வரவேண்டிய அனுபல்லவி மட்டும் தீவு மழையைப்போல் போக்குக்காட்டும்; ஊர் அவருக்கு அந்தப் பெயரை வைத்ததும் அதனால்தான். அது வரும்வரை மனிதர் யாரோடும் பேசமாட்டார். மகளுக்குக் கலியாணம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டார் அவரை ஊமை என்று நினைத்து, சைகையில் நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

நான் மடத்துவெளி என்ற ஊர்ச் சைவப்பிள்ளை. அப்போது நெடுந்தீவில் ஒரு கந்தோரில் கிளாக்கர். கையெழுத்து நன்றாயிருக்கும் என்ற ஒரே குற்றத்துக்காக, தேயிலைப் பெட்டி மட்டைகளில் அவர் கிறுக்குவதைத் துப்புரவாக எழுதி வேதக்கோயிலுக்குக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு வருடம் திருநாள் பாட்டு எழுதிய மட்டையில் பால் ஊற்றுண்டு, சரியாக அனுபல்லவி மட்டும் அழிந்துபோயிருந்தது. அவர் வீடு தீவின் மற்ற அந்தம். வெயிலோ மண்டையைப் பிளந்தது. சோம்பலில் நானே ஒன்றை எழுதிவிட்டேன்: 'கரை தெரியாத வேளையில் என் கை பிடித்தவரே.'

திருநாளன்று அந்த வரி வந்ததும் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பூசை முடிய எல்லோரும் அவரைச் சூழ்ந்து பாராட்ட, அவர் தலையாட்டிக்கொண்டு நின்றார். ஒரு அனுபல்லவிக்காக வாரக்கணக்கில் வாய் மூடிக் கிடக்கும் மனிதரிடம், நான் அரை நிமிடத்தில் செய்த களவை எப்படிச் சொல்வது? இரண்டு வருடம் அவர் முகத்தைப் பார்க்காமலே மட்டைகளை வாங்கினேன்.

பிறகுதான் அந்தப் பயணம். கடலைக் கொந்தளிக்க வைக்கும் கச்சான் காற்று அடிக்கிற காலம். குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் பாதி வழியில் எஞ்சின் நின்றது. பக்கத்தில் இருந்த அனுபல்லவியார் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல முழந்தாளிட்டார்.

"ஆண்டவரே, ஏற்றுக்கொள்ளும்" என்று முணுமுணுத்தார்.

எனக்கு நீந்தத் தெரியாது.

"அண்ணை, நான் பாவி" என்று அவர் சால்வையைப் பிடித்தேன். "திருநாள் பாட்டிலை வந்த அந்த அனுபல்லவி உங்கடை இல்லை. பால் ஊத்துண்டு அழிஞ்சு போச்சு. நான்தான் எழுதினனான்."

"பொறும் காணும்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

"பொறுக்க ஏலாது அண்ணை. கந்தோர்க் கலண்டரையும் நான்தான் வீட்டை கொண்டுபோனனான்."

பின்னால் கோழிக்கூடையோடு இருந்த அக்கா குனிந்து, "தம்பி, இன்னும் கிடக்கே? ஆறுதலாச் சொல்லும்" என்றார்.

லோஞ்ச் ஓட்டி எட்டிப் பார்த்தார். "ஏன் காணும் அழுறீர்? அண்ணைக்குப் பாட்டு வருதாம். எஞ்சின் சத்தம் குழப்புதெண்டு அவர்தான் அஞ்சு நிமிஷம் நிப்பாட்டச் சொன்னவர்."

அதன்பிறகு கரை சேரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தவிர லோஞ்சில் எல்லோரும் திறந்தார்கள். கலண்டரில் எந்த மாதம் நடக்கிறது என்றுகூட ஒருவர் விசாரித்தார்.

இறங்குதுறையில் அவரைத் தனியே பிடித்தேன். "அண்ணை, கோவமே?"

"அந்த வரி என்ரை இல்லையெண்டு கோயில்லை கேட்ட உடனையே தெரியும்" என்றார். "அது கடலுக்குப் பயந்தவன் எழுதினது. எனக்குக் கடல் பயமில்லை."

"பின்னை ஏன் வெட்டேல்லை?"

"வெட்டத்தான் வெளிக்கிட்டனான். அதைவிட நல்லது வரேல்லை. இப்ப நடுக்கடலிலையும் அதுக்குத்தான் பாத்தனான். நீர் எங்கை விட்டீர்?"

எழுபதுகளின் கடைசியில் அவர் செத்துப்போனார். செத்தவீட்டில் கோயில் குருவான சுவாமியார் என்னைக் கூப்பிட்டு ஒரு விசயம் சொன்னார். கோயில் பாட்டுக்களைத் தாளாக அச்சடித்தபோது, அந்தப் பாட்டுக்குக் கீழே இரண்டு பெயர் போடவேண்டும் என்று அனுபல்லவியார் கேட்டாராம். கோயில் தாளில் சைவப்பிள்ளையின் பெயரை எப்படிப் போடுவது என்று சுவாமியார் யோசித்தாராம்.

"அப்ப என்ரையும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் மாடு அவிழ்க்கப் போய்விட்டாராம்.

மற்ற எல்லாப் பாட்டுக்கும் கீழே அவர் பெயர் இருக்கிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் யார் பெயரும் இல்லை.