அம்மானின் தேனீப்பெட்டியும் அப்பாவின் பங்கரும்

உடுவில்,
சித்திரை 1991.

பெருமதிப்புக்குரிய அம்மானுக்கு, மருமகன் பஞ்சலிங்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு இதுவரை ஒருவரும் சாகவில்லை. வட்டுக்கோட்டையில் நீங்களும் மாமியும் அவ்வண்ணமே இருக்கக் கடவுள் துணை.

நீங்கள் தந்த தேனீப்பெட்டியைப் பற்றி எழுதக் கை கூசுகிறது. தேன்வதையின் அடியில் கச்சான் கடலைக் கோதுபோலக் கூடுகள் தொங்கினால் அவை புது ராணிகளுக்கானவை, கூட்டம் பிரிந்து பறக்கப்போகிறது, உடனே பாதியை வேறு பெட்டிக்கு மாற்று என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். கூடுகளைக் கண்டேன். ஒரு ராணிக்கே இவ்வளவு தேன் என்றால் நாலைந்து ராணிகளுக்கு எவ்வளவு என்று மகிழ்ந்து மூடிவிட்டேன். சீனி கிடைக்காத ஊரில் தேன் விற்றுப் பெரிய ஆளாகும் கனவு. பிறகு பெட்டி வாசலில் தேனீக்கள் தாடிபோலத் தொங்கின. புழுக்கத்துக்குக் காற்று வாங்குகின்றன என்று அம்மாவுக்கு விளக்கமும் கொடுத்தேன்.

நேற்றுக் காலை கூட்டம் கிளம்பியது. அப்படியொரு இரைச்சல். கிணற்றடியில் சவரக்கத்தியால் முகம் வழித்துக்கொண்டிருந்த அப்பா, "சகடை வாறான்! எல்லாரும் பங்கருக்கை ஓடுங்கோ!" என்று கத்தினார். குண்டுபோட வரும் அந்தக் கிழட்டு விமானமும் அப்படித்தான் இரையும். எனக்கு அது தேனீ என்று தெரியும். சொன்னால் என் கெட்டித்தனம் வெளிப்பட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு நானும் ஓடினேன்.

எங்கள் வெங்காயப் பாத்தியில் கூலிக்குப் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த தம்பிஐயாவும் பெண்சாதி குணலட்சுமியும் பின்னால் ஓடிவந்தார்கள். அந்தப் பதுங்குகுழியை வெட்டிப் பனங்குற்றி அடுக்கியதே தம்பிஐயாதான். ஆனால் எங்கள் கிணற்றில் வாளி போட நாங்கள் விடாத சாதி. பாதி வழித்த முகத்தோடு அப்பா வாசலை மறித்தார்.

"இஞ்சை இடமில்லை. உந்த வாழையளுக்கை படுங்கோ."

உள்ளே இன்னும் பத்துப் பேர் இருக்கலாம். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். வாசிகசாலையில் மேசையில் அடித்துச் சமத்துவம் பேசுகிற அதே நான்.

கூட்டம் வந்து பங்கர் வாசல் குற்றியில் பலாப்பழம்போலத் தொங்கியது. நாங்கள் உள்ளே, அவர்கள் வெளியே.

"ஐயா, உது சகடையில்லை. தம்பியின்ரை தேனி" என்று வெளியே நின்று என்னைக் காட்டிக்கொடுத்தார் தம்பிஐயா.

"அப்ப வந்து கலைச்சு விடன்ரா!"

"எப்பிடி ஐயா வாறது? இடமில்லையெண்டியள்."

குணலட்சுமி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் குத்துகிறது. அப்பாவின் கன்னத்தில் சவர்க்காரம் காய்ந்து வெடிக்கும்வரை இருந்தோம். பிறகு கூட்டம் தானாக எழும்பிப் போய், தம்பிஐயா வீட்டு வேலியோரம் கவிழ்ந்து கிடந்த ஓட்டைப் பானைக்குள் குடியேறிவிட்டது. கேட்டு வாங்கிவா என்கிறார் அப்பா. எந்த முகத்தோடு போவேன்?

ஒரே ஒரு நன்மை. சாப்பிடும்போது அப்பா சோற்றை அளைந்துகொண்டு, "அதுகளும் உயிர்தானே. பங்கரைப் பெருப்பிப்பம்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தேனீ போனாலும் மனிதர் திருந்தினார்களே! உங்கள் பெட்டி வீண்போகவில்லை, அம்மான்.

மாமிக்கு என் வணக்கம். தேன் கேட்டு வைத்திருந்த அயலவர்களுக்கு என் மன்னிப்பு.

இப்படிக்கு,
தலைகுனிந்த மருமகன்,
பஞ்சலிங்கம்.

பின்குறிப்பு: இன்று வேலை தொடங்கிவிட்டது. வெட்டுவது தம்பிஐயாதான். நடுவில் மண்சுவர் விட்டு, அவர்களுக்கு வாழைப் பக்கமாக வேறு வாசல். ஏனென்று கேட்டேன். "பெட்டி நிறைஞ்சால் பாதியைப் பிரிச்சு வேறை பெட்டியிலை விடவேணுமெண்டு உன்ரை அம்மான்தானே சொன்னவர்" என்றார் அப்பா. தம்பிஐயா மண்வெட்டியை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் மண் அள்ளும் கூடையை நீட்டினேன்.