கருணை மனுவில் கல்யாணத் தேதி

பதினோராவது கேள்விக்குத் தம்பி எழுதியிருந்த பதிலைப் படித்ததும் பெர்னிஸுக்குத் தலை சுற்றியது. "செய்த குற்றத்துக்கு வருந்துகிறீர்களா?" என்பது கேள்வி. "ஆமாம். இரண்டு வருஷம் முன்பே செய்திருக்க வேண்டும்" என்று ஓரின் பளிச்சென்று எழுதியிருந்தான்.

"இதை ஜனாதிபதிக்கு அனுப்பினா அவர் என்னடா நினைப்பார்?" என்று சிறைப் பார்வையாளர் அறையில் கேட்டாள்.

"நான் பொய் சொல்ல மாட்டேன்னு நினைப்பார்."

"பொய் சொல்லாததுக்குத்தானேடா உள்ள வச்சிருக்காங்க."

ஓரின் ராணுவத் தலைக்கவசங்களைச் சோதிக்கும் கூடத்தில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவன். சுத்தியலால் ஓங்கி அடித்தால் பாதிக் கவசங்கள் விரிசல் விட்டன. மேலதிகாரியிடம் சொன்னான், அவருக்கு மேலதிகாரியிடமும் சொன்னான். இருவரும் சுத்தியலை மாற்றச் சொன்னார்கள். கடைசியில் ரகசிய முத்திரை குத்திய சோதனைத் தாள்களைப் பத்திரிகைக்காரரிடம் கொடுத்துவிட்டான். கவசங்களைத் திரும்பப் பெற்றார்கள். இவனை உள்ளே போட்டார்கள். கோர்ட்டுக் கணக்குப்படி அடுத்த வருஷம் செப்டம்பரில்தான் விடுதலை.

ஆனால் அவன் மகள் டெல்லாவுக்குக் கல்யாணம் பிப்ரவரி எட்டாம் தேதி. தீயணைப்பு நிலைய ஹால் பேசி முடித்தாகிவிட்டது. அப்பா கைபிடித்து நடத்திக்கொண்டு போகாமல் தான் அந்த ஹாலுக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். தாயில்லாப் பிள்ளை, பெர்னிஸ் வளர்த்தவள். தேர்தலில் தோற்ற ஜனாதிபதி ஜனவரி இருபது நண்பகலில் இறங்குகிறார். இறங்குவதற்கு முன் மன்னிப்புகளை வாரி வழங்குவது அங்கே வழக்கம். அதற்குள் கையெழுத்து வாங்கியாக வேண்டும்.

பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு வேளை தவறாமல் சோறு போடுகிறவள் பெர்னிஸ். ஒரு தாளை வாஷிங்டனுக்கு அனுப்புவதா பெரிய விஷயம் என்று இறங்கினாள்.

பதினோராவது பதிலை அவளே எழுதினாள். "என் செயலால் அதிகாரிகளுக்கு ஏற்பட்ட சங்கடத்துக்கு மனமார வருந்துகிறேன்." அடுத்த ஞாயிறு கொண்டுபோய் நீட்டினாள். ஓரின் படித்தான், அக்கா முகத்தைப் பார்த்தான், கையெழுத்துப் போட்டான். அவள் காப்பி வாங்க எழுந்து போன நேரத்தில் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டான்: "கவசங்கள் உடைந்தது உண்மை."

மனு இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. மனுதாரர் வருந்துகிறாரா இல்லையா என்பதைத் தெளிவுபடுத்தவும் என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

அதே வாரம், நன்றி சொல்லும் பண்டிகைக்காக, ஜனாதிபதி வழக்கம்போல் இரண்டு வான்கோழிகளை விருந்துக்கு வெட்டாமல் விடும்படி மன்னித்தார். பெர்னிஸ் டிவி முன்னால் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள்.

"அதுங்க பதினோராவது கேள்விக்கு என்ன எழுதிச்சாம்?" என்று டெல்லாவிடம் கேட்டாள்.

"விடுங்க அத்தை. நம்ம அடுப்புல இருக்கிறதுக்கு யாரும் மனு போடல."

சம்பளம் வாங்காமல் வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் வக்கீல் ப்ரெண்டிஸ் ஒரு யோசனை சொன்னார். "மனுவோட கல்யாணப் பத்திரிகையை வச்சு அனுப்பும்மா. அவங்களும் பெண்ணைப் பெத்தவங்கதானே."

ஓரம் சுத்தமான புது மனு போனது, பத்திரிகையும் போனது. பத்து நாள் கழித்து ப்ரெண்டிஸ் போன் செய்தார்.

"பத்திரிகையைப் பார்த்துட்டாங்க."

"மனசு இளகிச்சா சார்?"

"தேதியைப் பார்த்துட்டாங்க. கையெழுத்தாகி ஆள் வெளிய வர வழக்கமா நாலு மாசம் வைப்பாங்களாம். பிப்ரவரி எட்டு எப்படியும் நடக்காதுன்னு மனுவை ஓரமா வச்சிட்டாங்க."

"அப்ப பத்திரிகையே அனுப்பாம இருந்திருக்கலாமே."

"இப்ப அதைச் சொல்லி என்ன பண்றது. கல்யாணத்தைத் தள்ளி வைக்க முடியுமா?"

பெர்னிஸ் தீயணைப்பு நிலையத்துக்குப் போனாள். ஹாலை மே இருபத்துநாலுக்குத்தான் வெளியார் யாரும் பிடித்திருக்கவில்லை. அன்றும் பீன்ஸ் விருந்து வைத்து நிலையத்துக்கு நிதி திரட்டுவதாக இருந்தார்கள். அந்த விருந்துக்கு இனி மூன்று வருஷம் தானே சமைப்பதாக ஒப்புக்கொண்டு நாளை வாங்கினாள். பிறகு மாப்பிள்ளையின் அம்மா நாடீனிடம் போனாள்.

"மே மாசமா? நான் வெல்வெட்டுல கவுன் தைச்சிருக்கேன்" என்றாள் நாடீன். "வெயில்ல வெந்து சாகவா?"

"ஃபேன் வைக்கச் சொல்றேன்."

"எங்க பக்கத்துல யாரும் ஜெயில் கணக்குப் பார்த்து நாள் குறிச்சதில்ல."

"உங்க பக்கத்துல ராணுவத்துல ரெண்டு பேர் இருக்காங்க இல்ல, அவங்க தலையில இருக்கிறது யாரு மாத்திக் கொடுத்த கவசம்னு கேட்டுப் பாருங்க."

நாடீன் தேதிக்குத் தலையாட்டினாள். ஆனால் அதன் பிறகு சர்ச்சில் வேறு வரிசையில் உட்கார ஆரம்பித்தாள்.

புதுப் பத்திரிகை அச்சாகி வாஷிங்டன் போனது. கூடவே பெர்னிஸ் தன் கையால் ஒரு கடிதம் வைத்தாள். "கல்யாணம் மே இருபத்துநாலு. கோட்டு அளவு பார்க்க ஒரு வாரம் முன்னதாக விட்டால் போதும்."

டிசம்பர் கடைசியில் ஒரு செய்தி வந்தது. அந்தக் கவசங்களைச் செய்து விற்ற முதலாளிக்கு ஜனாதிபதி முழு மன்னிப்புக் கொடுத்துவிட்டார். அவர் மேல் போட்ட வழக்கு இன்னும் கோர்ட்டுக்கே வரவில்லை. அவர் மனு எதுவும் போடவில்லை என்றும், ஜனாதிபதியோடு விருந்தில் ஒரே மேஜையில் உட்கார்ந்தவர் என்றும் பேப்பரில் போட்டிருந்தது. பெர்னிஸுக்கு அன்று சோறு இறங்கவில்லை. கோபத்தில் அழுதாள். அழுததற்காக இன்னும் கோபப்பட்டாள்.

ஓரின் போனில் அமைதியாகத்தான் பேசினான். "அவர் வருத்தப்பட்டாராமா அக்கா?"

"அவரை யாரும் கேக்கலடா."

"கேட்டிருந்தா நான் எழுதினதையே எழுதியிருப்பார். ரெண்டு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கணும்னு."

ஜனவரி இருபது. பெர்னிஸ் லீவு போட்டுவிட்டு போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பதினொன்றே முக்காலுக்கு ப்ரெண்டிஸ் கூப்பிட்டார். கடைசிப் பட்டியல் வந்துவிட்டது. கவுன்சிலர்கள், மைத்துனர்கள், ஒரு குதிரைப் பந்தயக்காரர், அவர்களுக்கெல்லாம் கீழே, கடைசிக்கு முந்தின வரியில் ஓரின் டாக்கெட் என்று தம்பியின் முழுப் பெயர். தண்டனைக் குறைப்பு. விடுதலை மே பதினேழு.

"நீ கேட்ட அதே தேதிம்மா. கல்யாணத்துக்குச் சரியா ஒரு வாரம் முன்னாடி. உன் கடிதத்தை யாரோ படிச்சிருக்காங்க."

டெல்லா அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெர்னிஸுக்கும் கண் நிறைந்தது. இரண்டரை மாதம் ஓடிய ஓட்டம் வீண் போகவில்லை. ஒரு சமையல்காரி எழுதின காகிதம் ஜனாதிபதியின் மேஜை வரைக்கும் போயிருக்கிறது. நாடீனிடம் இதை எப்படிச் சொல்வது என்று அப்போதே வாக்கியம் கட்ட ஆரம்பித்தாள்.

முகம் கழுவிக்கொண்டு சிறைக்குப் போன் போட்டபோது மணி பன்னிரண்டு பத்து. கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் யோலாண்டா எடுத்தாள். நல்ல மாதிரியான பெண்.

"உத்தரவு வந்துடுச்சு மேடம். மே பதினேழு. இப்பத்தான் படிச்சேன்."

"ரெண்டு நாள் முன்னாடி விட முடியுமாம்மா? அன்னிக்குச் சனிக்கிழமை, கோட்டு தைக்கிறவர் கடை மூடிடுவார்."

"முடியாது மேடம். ஜனாதிபதி தேதி போட்டுட்டா அதுதான் தேதி. எங்க கணக்கு எதுவும் அதுக்கப்புறம் செல்லாது."

"யாராவது மாத்தலாம் இல்ல?"

"கையெழுத்துப் போட்டவர்தான் மாத்தணும். அவர் பதவியை விட்டு இறங்கிப் பத்து நிமிஷம் ஆச்சு."

"சரி, போகட்டும்" என்று பெர்னிஸ் சிரித்தாள். "செப்டம்பர் வரைக்கும் இருக்க வேண்டியவன். ரெண்டு நாளைக்கு நான் ஏன் பேராசைப்படறேன்."

மறுமுனையில் யோலாண்டா ஏதோ காகிதத்தைப் புரட்டினாள்.

"உங்களுக்குத் தெரியாதா மேடம், நன்னடத்தை நாளெல்லாம் கழிச்சுப் போன வாரம் புதுசா கணக்குப் போட்டதுல அவருக்கு இந்த மாசம் முப்பதாம் தேதியே விடுதலை வந்திருந்தது, கடிதத்தை இன்னிக்கு மத்தியானம் அவர் கையில கொடுக்கலாம்னுதான் எடுத்து வச்சிருந்தேன்."