மூன்றாம் அத்தியாயத்தில் மச்சான்

பேரன்பும் பெருமதிப்பும் உடைய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். வழக்கத்துக்காக எழுதிய நலம் என்று நினைத்துவிடாதீர்கள். நேற்று மாலைதான் வீடு வந்து சேர்ந்த நலம், சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு மாதமாக நான் ஏன் போன் செய்யவில்லை, உங்கள் தங்கை பேசும்போதெல்லாம் ஏன் பாதியில் வைத்துவிட்டாள் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். விஷயம் உங்களைப் பற்றியது, அதனால்தான் உங்களிடம் சொல்ல முடியவில்லை.

நம் பெண் தன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ளப் போவது உங்களுக்குத் தெரியும். முதுகு, கழுத்து, முழங்கால் பிடிப்புக்குப் பயிற்சி கொடுக்கிறவன். தங்கமான பையன். குறை என்று ஏதாவது இருந்தால் அது அவனுடைய அப்பாதான். அவரைக் கேப்டன் என்பார்கள். மனிதர் பட்டாளத்திலும் இருந்ததில்லை, கப்பலிலும் ஏறியதில்லை. படிக்கிற காலத்தில் பல்கலைக்கழகத்து ஆண்கள் கூடைப்பந்து அணிக்குக் கேப்டனாக இருந்தார், அவ்வளவுதான். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை குடிநீர்க் குழாய் இன்ஜினீயர். ஆனாலும் பெற்ற பிள்ளையிலிருந்து பேப்பர் போடுகிறவர்வரை எல்லோருக்கும் அவர் கேப்டன். அவர் மனைவி, கணக்கு டீச்சர், அந்த அம்மாள்கூட "கேப்டன், குழம்பு ஆறுது" என்றுதான் கூப்பிடுகிறார். ஓய்வு பெற்றதிலிருந்து அவர் அந்த அணியின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதுவது அவர் பாடு; வந்தவர்களை உட்காரவைத்து வாசிப்பதைக் கேட்பது நம் பாடு.

முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது, கல்யாணத் தேதி பேசலாம் என்று நான் வாயைத் திறந்தேன். "தேதிதானே, பேசலாம் சார். அதுக்கு முன்னாடி முதல் அத்தியாயம் கேட்டுடுங்க, சின்னதுதான்" என்றார். கேட்டோம். அணியை ஆரம்பித்தவர் ஒரு நீச்சல் பயிற்சியாளராம். பல்கலைக்கழகத்தில் நீச்சல் குளம் கட்டுவதாகச் சொல்லி அவரை வேலைக்கு எடுத்தார்கள், குளத்தைக் கட்டவில்லை, சம்பளம் வாங்குகிற மனிதரைச் சும்மா வைத்திருக்க முடியுமா என்று சைக்கிள் நிறுத்தும் சிமெண்டுத் தரையில் இரண்டு கம்பத்தை நட்டுக் கொடுத்தார்கள். அவருக்குக் கூடைப்பந்து தெரியாது. பையன்களுக்கும் தெரியாது. முதல் வருஷம் கால்பந்தை வைத்து ஆடினார்கள், பந்து வளையத்துக்குள் போனால் அதை வெளியே எடுக்கப் பின்பக்கம் ஒருத்தன் ஏணியோடு நின்றான். வலையின் அடி தைத்திருக்கக் கூடாது என்பது அடுத்த வருஷம் ஒரு வெளியூர் அணி வந்து சிரித்த பிறகுதான் தெரிந்ததாம்.

எனக்கும் சிரிப்பு வந்தது மச்சான், பொய் சொல்லவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் இன்னும் சிரித்தேன். மழைக்கு ஒதுங்க அவர்களுக்கு ஒரு பழைய கிடங்கைக் கொடுத்தார்கள், அதன் கூரை குனிந்தால்தான் குடியிருக்கலாம் என்கிற உயரம். பந்தை உயர்த்திப் போட்டால் உத்தரத்தில் இடிக்கும். அதனால் நம்ம கேப்டனும் அவர் ஆட்களும் கல்லெறிவதுபோல நேராகவே போடப் பழகிக்கொண்டார்கள். வந்த அணிகளெல்லாம் முறைப்படி உயர்த்திப் போட்டு உத்தரத்தை அடித்து அடித்துத் தோற்றுப் போயின. சொந்தக் கிடங்கில் அவர்களை வெல்ல ஆளில்லை, வெளியூரில் அவர்களைப்போலத் தோற்கவும் ஆளில்லை. திறந்த வானத்தைப் பார்த்தால் கை நடுங்குமாம். இதைக் கேப்டன் "பொற்காலம்" என்கிறார்.

மூன்றாம் அத்தியாயத்தில்தான் எங்கள் தலையில் இடி விழுந்தது. பொற்காலத்தின் உச்சமாக இறுதிப் போட்டி, அதுவும் அதிர்ஷ்டவசமாக அதே கிடங்கில். கடைசி வினாடி. ஒரு புள்ளி பின்னால் இருக்கிறார்கள். கேப்டன் ஓரமாகப் பாய்ந்து வந்து பந்தை எறிகிறார், வளையத்துக்குள் விழுகிறது, கூட்டம் அவரைத் தூக்க ஓடிவருகிறது. அப்போது விசில். பக்கக் கோட்டை மிதித்துவிட்டார், புள்ளி செல்லாது என்று ரெஃபரி கையைத் தூக்கிவிட்டார். கோப்பை போனது. அதற்குப் பிறகு அந்த அணி எந்த இறுதிப் போட்டிக்கும் வரவில்லை, கிடங்கும் பரீட்சைக் கூடமாகிவிட்டது. கேப்டன் இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அநீதிக்கு ஒரு முகம் உண்டு என்றால், அந்த முகத்துக்கு ஒரு மீசையும் உண்டு" என்று வாசித்தார். வாசித்துவிட்டு, அந்தப் பக்கத்தில் ஒட்டியிருந்த மங்கிய போட்டோவை எங்களிடம் நீட்டினார்.

வாயில் விசில், தூக்கிய கை, கைப்பிடி வைத்ததுபோல மீசை. உங்கள் தங்கை பார்த்த மாத்திரத்தில் "எங்க அண்..." என்று ஆரம்பித்துவிட்டாள். நான் அவள் காலை மிதித்தேன். அவளும் லேசுப்பட்டவளா, "எங்க, அண்ணாந்து பார்த்தா ஃபேன் ஓடலையே, கரண்ட் இல்லையா?" என்று முடித்தாள். ஃபேன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. டீச்சரம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கேப்டன் கவனிக்கவில்லை. "இந்த ஆளு மட்டும் என் கையில கிடைக்கணும் சார்" என்றார்.

"கிடைச்சா?" என்றேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அது கிடைச்ச பிறகு பார்த்துக்கலாம்."

பஸ்ஸில் திரும்பும்போது உங்கள் தங்கை ஒரே அழுகை. "எங்கண்ணன் தப்பா விசில் ஊதுவாரா?" என்கிறாள். "ஊதினது சரியா தப்பாங்கறது இப்ப பிரச்சனையே இல்லை. ஊதினதுதான் பிரச்சனை" என்றேன். அதற்கு மூன்று நாள் பேசவில்லை. பெண்ணிடம் கேட்டால், "அப்பா மனசு நோகும்படி எதையும் செய்ய மாட்டேங்கறாரு அவரு. கேப்டன் சரின்னு சொன்னாத்தான் கல்யாணம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். தாய்மாமனை ஒளித்து வைத்துக் கல்யாணம் பண்ண முடியுமா? உங்களுக்கு எழுத எத்தனை தடவை பேனா எடுத்தேன் தெரியுமா? "மச்சான், தயவுசெய்து மீசையை எடுத்துவிடுங்கள்" என்றுகூட ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

இந்த நிலையில் நேற்று அவர்கள் நம் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். நம் கூடத்தில் நீங்கள் விசிலோடு நிற்கிற பெரிய போட்டோ இருக்கிறதே, அதை மத்தியானமே கழற்றினேன். கழற்றினால் சுவரில் சதுரமாக ஒரு வெள்ளைத் தடம். அதன்மேல் எதை மாட்டலாம் என்று யோசிப்பதற்குள் வாசலில் மணி அடித்தது. போட்டோவைச் சோபா மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுக் கதவைத் திறந்தேன். கேப்டன் ஆறடிக்கு மேல் உயரம், உள்ளே வந்ததும் அவர் கண்ணுக்கு நேரே அந்தத் தடம்.

"இங்க என்ன மாட்டியிருந்துச்சு?" என்றார்.

"கடிகாரம், ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றேன் நான்.

"நிலைக்கண்ணாடி, உடைஞ்சு போச்சு" என்றாள் உங்கள் தங்கை. இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன.

"கடிகாரமா, கண்ணாடியா?" என்று கேட்டுக்கொண்டே மனிதர் சோபாவில் உட்கார்ந்தார். நான் "ஐயோ அங்கே வேண்டாம்" என்பதற்குள் 'கறக்' என்று ஒரு சத்தம். எழுந்தார். மெத்தையைத் தூக்கினார். சட்டத்தில் கண்ணாடி விரிசல்விட, உள்ளேயிருந்து நீங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பையன் வெளிறிப்போனான். நம் பெண்தான் முன்னால் வந்தாள். "அங்கிள், அது எங்க பெரிய மாமா. உங்க புஸ்தகத்துல வர்ற ரெஃபரி அவர்தான். எங்களுக்கு முதல் நாளே தெரியும், பயத்துல சொல்லலை. இதுக்காக நீங்க வேணாம்னு சொன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா என்னால எங்க மாமாவை மெத்தைக்கு அடியில வச்சிருக்க முடியாது." அவள் தலையைக் குனியவில்லை. என் பெண்ணா இது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கேப்டன் போட்டோவைக் கையிலெடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய்விட்டார். முடிந்தது என்று நினைத்தேன். பிறகு திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

"இவர் உயிரோட இருக்காரா?" என்றார்.

"இருக்கார். முழங்கால் வலிதான்" என்றேன்.

"அட, அவருக்கு ஒண்ணும் ஆகிடலையே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார் மச்சான், பிடியில் என் விரல் நசுங்கிவிட்டது. "சம்பந்தி, அன்னிக்கு ஆடினவங்கள்ல பாதிப் பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. மிச்சப் பேரைக் கேட்டா, அப்படியா, ஃபைனலுக்கா போனோம்ங்கறான். நான் ஒருத்தனே உக்காந்து அந்த மேட்சை ஆடிக்கிட்டிருக்கேன். இந்த உலகத்துல இன்னொரு ஆளுக்கு அது ஞாபகம் இருக்கும்னா, அது உங்க மச்சானுக்குத்தான். அவரோட வாக்குமூலம் இல்லாமத்தான் மூணாவது அத்தியாயம் முடியாம நிக்குது. திட்டறதுக்கு இல்லை, பேசறதுக்கு வேணும் எனக்கு."

என்னைச் சம்பந்தி என்று சொன்னதை அப்போதுதான் கவனித்தேன். உங்கள் தங்கை அடுப்படிக்கு ஓடிவிட்டாள், டீ போடவா அழவா என்று தெரியவில்லை. பின்னாலேயே போன டீச்சரம்மா அங்கே அவளிடம் சொன்னதை உங்கள் காதில் மட்டும் போடுகிறேன். அந்த அம்மாள் அதே பல்கலைக்கழகத்துப் பெண்கள் அணியில் ஆடியவராம். பெண்கள் அணி இரண்டு தடவை கோப்பை வாங்கியிருக்கிறது, கேப்டன் புத்தகத்தில் அது ஓர் அடிக்குறிப்பு. அந்த இறுதிப் போட்டியன்று பெண்களுக்கு பெஞ்சு இல்லாததால் இவர் தரையில், கோட்டை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். "முழுக் காலையும் கோட்டு மேலதான் வச்சார். என் விரலையும் சேர்த்து மிதிச்சார். மன்னிப்புக் கேக்க வந்தவரைத்தான் கட்டிக்கிட்டேன். இத்தனை வருஷமா வாயைத் திறக்கலை, நீங்களும் திறக்காதீங்க" என்றாராம்.

ஆகவே மச்சான், கல்யாணம் நிச்சயம். பதிவு அலுவலகத்தில் முதல் சாட்சிக் கையெழுத்து நீங்கள்தான் போட வேண்டும் என்று கேப்டனே சொல்லிவிட்டார். பேனாவும் அவரே கொண்டுவருவாராம். வருகிற ஞாயிறு காலை கையெழுத்துப் பிரதியோடு உங்கள் வீட்டுக்கு வருகிறார். கோட்டைப் பற்றிக் கேட்டால், "எனக்குப் பட்டதை ஊதினேன்" என்று மட்டும் சொல்லுங்கள், அது போதும். ஒரு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். கடையில் இன்று ஒருவருக்குக் கண்ணாடியை இலவசமாகவே துடைத்துக் கொடுத்தேன், அவர் அதை வாங்கியது என்னிடம் இல்லை என்று தெரிந்தும்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். குழந்தைகளை விசாரித்ததாகச் சொல்லவும். நம் பெண்ணுக்கு உங்கள் ஆசி எப்போதும் வேண்டும், இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாக.

தங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டு இதைப் படிக்கவும். நான் எழுதி முடிப்பதற்குள் சந்தோஷம் தாங்காமல் உங்கள் தங்கை உங்களுக்குப் போன் போட்டிருக்கிறாள். "அந்த மேட்சா? அன்னிக்கு நான் ஊர்லயே இல்லையே, பல்லு பிடுங்கப் போயிருந்தேன். ஊதினவன் வேற ஆளு, அந்தக் காலத்துல எல்லாருக்கும் அதே மீசைதான்" என்று நீங்கள் சொன்னீர்களாம். அவள் இன்னும் ரிசீவரை வைக்காமல் நிற்கிறாள். மச்சான், உங்கள் காலில் விழுகிறேன், அந்த ரெஃபரி நீங்கள்தான். பல்லைப் பற்றி மறந்துவிடுங்கள். கூரை தாழ்வு, ஒரு புள்ளி வித்தியாசம், கடைசி வினாடி, கால் கோட்டின்மேல். இவ்வளவுதான் பாடம், ஞாயிறுக்குள் மனப்பாடம் செய்துவிடலாம். இடது பக்கக் கோடா, வலது பக்கமா என்பதை மட்டும் டீச்சரம்மாவிடம் கேட்டு எழுதுகிறேன்.