நான் கர்ப்பமாக இருந்த ஆயுத பூஜை

நான் ஒரு சாயங்காலம் கர்ப்பமாக இருந்தவன். ஆண்பிள்ளை இப்படிச் சொல்லலாமா என்றால், மெஷினே சொன்ன பிறகு எனக்கென்ன வெட்கம்?

அப்போது விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த என் அக்கா மலருக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. அந்த மாதம் நாள் தள்ளிப்போயிருந்தது. (மாமியாரிடம்கூட மூச்சு விடவில்லை.) லேபுக்கு வந்து கையை நீட்டி, "எங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது. பாத்து சொல்லுடா" என்றாள். நானே ரத்தம் எடுத்துக்கொண்டேன்.

கர்ப்பமானால் ரத்தத்தில் ஒரு புரதம் ஊறும். அதை அளக்க எலிசா கிட் என்று ஒன்று உண்டு. பிளாஸ்டிக் தட்டில் சின்னச் சின்னக் குழிகள். ரத்தத்தின் தெளிந்த நீரை அதில் விட்டு மருந்து சேர்த்தால், புரதம் இருக்கிற குழி மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சள் என்று மெஷின் அடியிலிருந்து மேலாக வெளிச்சம் பாய்ச்சிச் சொல்லும்; வெளிச்சம் எவ்வளவு மறைகிறதோ அவ்வளவு மஞ்சள் என்பது அதன் கணக்கு. கர்ப்பமில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவருடைய ரத்தத்தையும் ஒப்பிட ஒரு குழியில் விடுவோம். அன்று அந்த நிச்சயமான ஆள் நான்.

முந்தின நாள்தான் ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்காக எடுத்துவைத்த தட்டுக்கும் வைக்காமல் மனசு கேட்கவில்லை. குழிக்குள் சந்தனம் விழுந்துவிடக் கூடாதே என்று (எப்பேர்ப்பட்ட மூளை பாருங்கள்) தட்டைக் கவிழ்த்து, அடியில் பட்டை பட்டையாக இழுத்துவிட்டிருந்தேன்.

அக்காவின் குழி மஞ்சள். மெஷினும் ஆமாம் என்றது. மற்றக் குழிகளைப் பார்க்க எனக்கெங்கே பொறுமை? அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"உங்கக்கா அழுதுகினு கெடக்கறாடா. நாங்க நேர்லயே வர்றோம்" என்றார் மாமா. அவர் குரலும் உடைந்திருந்தது.

போனை வைத்த பிறகுதான் என் குழியைப் பார்த்தேன். அக்காவைவிட நான் அதிகக் கர்ப்பம். தட்டைத் திருப்பினால், என் பக்தி முழுவதும் அடியில் காய்ந்து ஒட்டியிருந்தது. குழியை மஞ்சளாகக் காட்டியதும், மெஷினின் வெளிச்சத்தை மறைத்ததும் அந்தச் சந்தனம்தான். வேறு தட்டில் மறுபடி போட்டேன். எனக்கும் இல்லை, அக்காவுக்கும் இல்லை.

அது முடியவும் அவர்கள் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்து நிற்கவும் சரியாக இருந்தது. எப்படியோ சொல்லிவிட்டேன். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அழுதுவிட்டேன்.

"உனக்கும் உண்டாயிருக்குன்னா வந்துச்சு?" என்றாள் மெதுவாக.

"ஆமாக்கா. உன்னவிட ஜாஸ்தி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். பொட்டலத்தைப் பிரித்து ஒரு ஜாங்கிரியை என் வாயில் திணித்தாள். "துன்னுடா. புள்ளத்தாச்சி வெறும் வயித்தோட இருக்கக் கூடாது."

பிறகொரு நாள் அக்கா நிஜமாகவே உண்டானாள். வளைகாப்பில் பெண்கள் வளையலோடு வரிசையாக நிற்க, அவள் கையை நீட்ட மறுத்துவிட்டாள்.

"மொதல்ல எந்தம்பிக்குப் போடுங்க. எனக்கு முன்னாடி உண்டானவன் அவன்தான்."

மாமாவே என் கையைப் பிடித்து வளையலை ஏற்றினார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கு வளைகாப்பு நடந்தாலும் முதல் ஜோடி கண்ணாடி வளையல் எனக்குத்தான். அளவுகூடக் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும்.