தொண்ணூறு நாள் இளைப்பாற்றி

பூதலூர்

கல்லணைக்குக் கிழக்கே காவிரி பாயும் அத்தனை வயல்களுக்கும், அவற்றில் குடியிருக்கும் அத்தனை எலிகளுக்கும் தன்னைத்தானே அதிபதியாக நியமித்துக்கொண்ட ரெமிஜியஸ் மாமா, சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குத் தமிழ் எழுதிச் சம்பளம் வாங்கும் மகாகனம் பொருந்திய மருமகன் ஆண்டனிக்கு, சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மாடும் சுகம். உன் சுகத்தை உன் அம்மா தினம் போனில் ஒப்பிக்கிறாள். நீ தனியாகச் சொல்ல வேண்டாம்.

மாப்ள, முதலில் பாராட்டு. நீ பத்தாவது படிக்கும்போது கண் சிவக்க விளையாடியதையெல்லாம் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு வாள், ஒரு பூதம், ஒரு வெட்டு. அப்புறம் பெரிய வாள், பெரிய பூதம், பெரிய வெட்டு. உலகம் முழுக்க லட்சம் பேர் வேஷம் கட்டிக்கொண்டு வந்து அதே பூதத்தை வெட்டினார்கள். அதுவும் மறுநாள் குளித்து முழுகி, மறுபடி வெட்டுப்பட வந்து நின்றது. எனக்கே பாவமாக இருக்கும். உங்கள் கம்பெனியின் 'கடைமடை' வந்த பிறகுதான் அந்தப் பூதத்துக்கு விடுதலை. ஒரு வாய்க்கால், நாற்பது பேர், ஆளுக்கொரு வயல், ஆளுக்கொரு மடை. அடுத்தவர் மடையைத் தொட முடியாது. கடைசி வயல் நனைந்தால்தான் தலைப்பில் இருப்பவனுக்கு மார்க்கு! நிஜத்தில் இதைச் செய்யச் சொல்லி நம் ஊரில் எழுநூற்று முப்பத்திரண்டு மண்டை உடைந்திருக்கிறது. அதில் மூன்று தடவை என்னுடையது.

உன் அத்தை மரியபுஷ்பம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே மடைக்காரி வேஷம் எடுத்தாள். நான் பக்கத்து வயல். ஒரு கையில் ட்ரிப்ஸ், மறு கையில் போன். இத்தனை வருஷம் நான் பேசியதைக் காதில் வாங்காதவள், முன்பின் தெரியாத முப்பத்தெட்டு பேரிடம் "தண்ணி வந்துச்சா, நாத்து பச்சை புடிச்சுச்சா" என்று விசாரித்தாள். "இது வார்டாம்மா, வாய்க்கால் ஆபீஸா?" என்று நர்ஸம்மாவே கேட்டாள். கடைசியாக ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது மடையை அடைத்தாள். "மேல வயக்காரங்க தண்ணி முறை முடியட்டும், வந்து தொறந்துக்கிறேன்" என்று போனை என் கையில் கொடுத்தாள்.

அவள் போன முப்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு விளையாட்டைத் திறந்தேன். வரப்பில் உன் அத்தை நிற்கிறாள். தலைக்கு மேல் எழுத்து: 'மரியபுஷ்பம் இளைப்பாறுகிறார்.' மாப்ள, பூசையில் அவள் ஆத்துமாவுக்காக "நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே" என்று அப்போதுதான் முழங்கால் போட்டுச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கம்பெனிக்கே விஷயம் தெரிந்து துக்கம் அனுசரிக்கிறது என்று ஊரெல்லாம் காட்டினேன். கோயில் உபதேசியார் ஜேசுராஜ் கண்ணாடியை மாட்டிப் பார்த்து, "எல்லாம் சரி, நித்தியத்த மட்டும் விட்டுட்டாங்களே" என்றார். உங்கள் முதலாளிக்கு நன்றிக் கடிதம் ஒன்று போட்டேன். அதைத் தூக்கிய தபால்காரருக்கு இன்னும் இடுப்பு நிமிரவில்லை.

இன்று காலை அதன் கீழே பொடி எழுத்து: 'இளைப்பாறுதல் முடிய ஒன்பது நாள். பிறகு நீக்கப்படுவார்.' விளையாடாமல் சும்மா கிடக்கிறவர்களுக்கு நீ போட்ட தமிழாமே அது! தொண்ணூறு நாள்தான் தவணையாமே! ஏண்டா, ஆண்டவர் நித்தியத்துக்கும் கொடுப்பதை நீங்கள் மூன்று மாசத்தில் முடித்துவிடுவீர்களா?

கம்பெனிக்குப் போன் போட்டேன். குயில் மாதிரி ஒரு பெண், "ஒண்ணும் பிரச்சினை இல்ல சார், அவங்கள ஒரே ஒரு தடவை லாகின் பண்ணச் சொல்லுங்க" என்றது. உன் அத்தைக்கு வர வழியிருந்தால் முதலில் நான் வைத்த ரசத்தைக் கீழே ஊற்றிவிட்டு வேறு வைக்கச் சொல்லியிருப்பேன். அவள் போன் அவள் கட்டைவிரலுக்குத்தான் திறக்கும். என் பத்து விரலையும் வைத்தேன், கால் விரலையும் வைத்தேன். 'மீண்டும் முயலவும்' என்கிறது. எதை முயல?

மாமா கெஞ்சிக் கேட்கிறேன், அவளை எடுக்காதே. மார்க்கு வேண்டாம், என் வயலையும் பிடுங்கிக்கொள்ளுங்கள். நீலப் புடவை, அவளே பார்த்து எடுத்தது. அந்த வரப்பில் சும்மா நிற்கட்டும். காபி குடிக்கும்போது பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

மாதா உன்னையும், உன் மனைவி ஜெனிட்டாவையும், உன் கம்ப்யூட்டரையும் சகல வைரஸிலிருந்தும் காக்கட்டும்.

ஆசியுடன்,
ரெமிஜியஸ் மாமா

ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுவது: விளையாட்டில் எனக்கு ஒரு சேதி வந்தது. கூத்தாநல்லூர் ஆயிஷாவாம். அத்தையின் மடைக்குப் பின்னால் இருக்கும் ஒரே வயல் அவளுடையது. "மாமா, அக்கா மடை அடைச்சே கெடக்கு, உழுதது உழுதபடி கெடக்குது. அக்கா நல்லா இருக்காங்கல்ல?" ஊருக்குப் போயிருக்கிறாள் என்று பொய் எழுதினேன். "அவசரப்படுத்தாதீங்க. வேற வாய்க்காலுக்கு மாறிக்கச் சொல்றாங்க, நான் போகல. அக்கா வரட்டும்" என்கிறாள். உன் அத்தை யாரையும் காக்கவைத்தவள் இல்லை, மாப்ள. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. ஒன்பது நாளெல்லாம் வேண்டாம், எடுத்துவிட்டு மடையைத் திற. ஆயிஷாவிடம் நானே சொல்கிறேன். எடுக்கும்போது மட்டும் எனக்கு ஒரு போன் அடி. பக்கத்தில் போய் நின்றுகொள்கிறேன்.