கீழ்நோக்கிய தொலைநோக்கி

உலக வானியல் வரலாற்றில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வாய்த்த வசதி வேறெந்தத் தேசத்துக்கும் வாய்த்ததில்லை. பிற நாட்டு விஞ்ஞானிகள் இருட்டைத் தேடி மலையேறுகிறார்கள். இங்கே அரசாங்கம் மின்சாரத்தை நிறுத்தி, மண்ணெண்ணெயையும் தடுத்து, முதல்தரமான இருட்டை வீட்டு வாசலிலேயே இறக்கித் தந்தது.

அந்தப் பேருதவியை வீணாக்காதவர் பண்டத்தரிப்புத் தபாற்கந்தோர்க் கிளாக்கர் கனிசியஸ் ஒருவரே. கப்பலில் வேலை செய்த தமையன் கொடுத்த சின்னத் தொலைநோக்கி அவரிடம் இருந்தது. தொண்ணூற்று நான்கு ஆடியில் வால்வெள்ளி ஒன்று உடைந்து வியாழன்மீது விழுவதாக வானொலி சொன்னது. அது விழுந்த இடத்தில் வியாழனில் உண்டாகும் கறுப்புக் காயத்தைப் பார்க்காமல் கண்ணை மூடுவதில்லை என்று கனிசியஸ் இருந்தார். வாழ்நாளில் இனி ஒருமுறை வராத காட்சி.

பொழுதுபட்டதும் கொல்லையில் குழாயை நிமிர்த்தினார். மறுநாளே ஊர் நலன் பேணும் சபை அவசரமாகக் கூடியது.

"தம்பி, மேலையிருந்து பாத்தால் உது பீரங்கி மாதிரியெல்லே தெரியும்?" என்றார் தலைவர் நமசிவாயம்.

"அண்ணை, இது வியாழனைப் பாக்கிற குழாய்."

"பிளேனிலை குண்டு போட வாற பொம்மர்காரனுக்கு அதை ஆர் சொல்லுறது?"

நீண்ட ஆலோசனைக்குப் பின் 'வரலாற்றுச் சிறப்புமிக்க' தீர்மானம் நிறைவேறியது: தொலைநோக்கி வானத்தை நோக்குதல் கூடாது, பூமியை நோக்கத் தடையில்லை.

கனிசியஸ் சட்டத்தை மதிப்பவர். வாளியில் தண்ணீர் நிரப்பி, குழாயைக் கீழே சரித்து, தண்ணீருக்குள் விழுந்த வியாழனைத் தேடினார். பலாலி இராணுவ முகாம் பக்கம் ஷெல் வெடிக்கும்போதெல்லாம் கிரகம் சிதறிப் பிறகு ஒன்றுசேர்ந்தது. கடைசியில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது.

"மார்கிரட், ஓடி வாரும். காயம் தெரியுது."

மனைவி குழாயை விட்டு வாளிக்குள் பார்த்தாள். "இது தண்ணியிலை நெளியிற நுளம்புப் புழுவப்பா" என்றாள்.

அடுத்த நாள் காலை பொம்மர் வந்தது. எல்லோரும் பங்கர்க் குழிக்குள் பாய்ந்தார்கள். குண்டு நமசிவாயத்தின் வீட்டு வளவில் விழுந்தது. அங்கே வானத்தை நோக்கி நிமிர்ந்து நின்றது அவருடைய கக்கூசின் காற்றுக்குழாய் மாத்திரம்தான். கக்கூசு போயிற்று. பக்கத்தில் கட்டியிருந்த சினைப்பசுவும் போயிற்று. ஊருக்கெல்லாம் தீர்மானம் போட்ட மனிதர் பசுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

மாலையில் அரசாங்க வானொலி பெருமிதத்தோடு அறிவித்தது: "விமான எதிர்ப்புப் பீரங்கி நிலையொன்று துல்லியமாகத் தகர்க்கப்பட்டது."

கனிசியஸ் உள்ளே போய்த் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்தார். பழைய பேப்பரில் சுற்றிச் சணல் கயிற்றால் இறுகக் கட்டினார்.

"ஆருக்கப்பா உது?" என்றாள் மார்கிரட்.

"மேலை வாறவைக்கு. ஒரு அன்பளிப்பு. வியாழனையே கிட்டக் காட்டுற குழாய். கக்கூசு எது, பீரங்கி எது, மாடு எது, மனிசர் எது எண்டு வடிவாப் பாத்திட்டுக் குண்டைப் போடட்டும்."

மார்கிரட் பொதியைக் கையில் வாங்கினாள்.

"கண் தெரியாமலோ போடுகினம்?" என்றாள்.

கனிசியஸ் பொதியைத் திரும்ப வாங்கிக் கட்டை அவிழ்த்தார்.