அமீருதீன் பாய் சொன்ன ஐந்து

சம்பத்துக்குக் காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதே ஞாபகமில்லை. நாளைக்கு ஞாபகசக்திப் பரிசோதனை.

மூன்று வருடமாகத் தாம்பரத்தில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கேளம்பாக்கத்துத் தங்கை சுபத்ரா ஒரு கிட்னி தரச் சம்மதித்துவிட்டாள். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு மனுஷன் மாத்திரைகளை மறக்காமல் விழுங்குவாரா என்று டாக்டருக்குச் சந்தேகம். பரிசோதனையில் தேறினால்தான் மேற்கொண்டு பேச்சு. சம்பத் ஆடிப்போயிருந்தார்.

பக்கத்துக் கட்டில் அமீருதீன் பாய் நேற்றுதான், வியாழக்கிழமை, அதே பரிசோதனைக்குப் போய்வந்தவர்.

"அஞ்சு வார்த்த சொல்லுவாங்க சம்பத்து. கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிச் சொல்லணும், அவ்ளோதான். குடை, பல்பு, கயிறு, சீப்பு, புளி. எழுதிக்கோ."

சம்பத் இடது முழங்கைக்குக் கீழே எழுதிக்கொண்டார். எழுதிய பிறகுதான் அது ஊசி குத்தும் கை என்பது உறைத்தது. நர்ஸ் கீதா ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்தாள். குடையிலிருந்து புளி வரை போய்ச் சேர்ந்தது.

"இன்னாண்ணா, கையெல்லாம் இங்க்கு?"

சம்பத் பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினார். "பாய், இன்னொரு வாட்டி சொல்லுங்க."

பாய் சளைக்காமல் சொன்னார். மெஷின் ஓடிய நாலு மணி நேரமும் சம்பத் மந்திரம்போல் முணுமுணுத்தார். இறங்கும்போது ஐந்தும் நாக்கில் நின்றன. நாளை வரை நிற்குமா? நேரே டாக்டர் அறைக்குப் போனார்.

"மேடம், டெஸ்ட இப்பவே எடுத்துடுங்க."

"டயாலிசிஸ் முடிஞ்ச உடனே மூளை களைச்சிருக்கும் சார். அதனாலதான் நாளைக்கு வரச் சொன்னேன்."

"எனக்குக் களைப்பே இல்ல மேடம்." சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

டாக்டர் அரைமனதாக ஐந்து வார்த்தை சொன்னார். சம்பத் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. அவரிடம்தான் கைவசம் ஐந்து இருந்தனவே. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டதும் கடகடவென்று ஒப்பித்தார்.

டாக்டர் பேனாவை மூடினார். "நான் சொன்னதுல ஒண்ணுகூட இல்லையே சார். மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுப்போம். அதுவரைக்கும் ஆபரேஷன் பேச்சு வேணாம்."

மூன்று மாதம். தங்கை மனசு மாறாமல் இருக்க வேண்டும். இவரும் இருக்க வேண்டும்.

வெளியே, பாயை அழைத்துப்போக அவர் மனைவி ஜஹீரா வந்திருந்தார். சம்பத் ஆற்றாமையோடு முறையிட்டார்.

"வார்த்தைய மாத்திட்டாங்கம்மா. பாய்க்கு மட்டும் குடை, பல்பு, கயிறு, சீப்பு, புளின்னு சுளுவா குடுத்துக்கிறாங்க."

பாய் ஆமாம் என்று தலையாட்டினார். ஜஹீரா கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

"அது டாக்டரு குடுத்தது இல்லண்ணே. நேத்து இவரு டெஸ்டுக்குக் கெளம்புறப்போ, வரப்போ வாங்கினு வாங்கன்னு நான் சொன்னது. இன்னும் ஒண்ணுகூட வூடு வந்து சேரல."